வேண்டும், எங்கள், கடன்: கொழும்புத் தமிழ்க் கிறித்தவரின் செபமொழி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தமிழில் அச்சேறிய முதல் நூல்கள் செபநூல்களே. 1554 இல் லிஸ்பன் நகரில் உரோம எழுத்துக்களில் வெளிவந்த 'கார்த்தில்யா', 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' ஆகிய இரண்டும், புதிதாகக் கிறித்தவரான மக்கள் மனனஞ் செய்து சொல்லவேண்டிய செபங்களைத் தம்முட் கொண்டவை. சேவியர் தனிநாயகம் அடிகளார் போன்றோரின் முயற்சியால் இந்நூல்கள் தமிழுலகின் கவனத்துக்கு வந்து நெடுங்காலமாயிற்று. எனினும் நம் இலக்கிய வரலாறுகள் அவற்றை அச்சுக்கலையின் சான்றுகளாக மாத்திரமே குறித்துச் செல்கின்றன. பெயர், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மக்கட் கூட்டத்தின் நாவில் நாள்தோறும் புழங்கிவந்த சொற்கள் எத்தகையவை, அவை யாருடைய தேவையை எவ்வாறு மொழிந்தன என்ற வினா எழுப்பப்படவே இல்லை.

நாயன்மார் பாடல்களுக்கு இந்நிலை நேரவில்லை. பேராசிரியர் க. கைலாசபதி 1966 இல் வெளியிட்ட 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' என்னும் நூலிலே பக்தி இயக்கத்தைச் சமூக இயக்கமாகக் கண்டு ஆராய்ந்தார். அவருடைய முடிபுகளை ஏற்போரும் மறுப்போரும் அதன் பின்னர் அவ்வழியைத் தவிர்த்துச் செல்ல இயலவில்லை. கிறித்தவ செபத்தைப் பொறுத்தவரை அத்தகைய நோக்கு ஏன் தோன்றவில்லை? இரு காரணங்களைக் கூறலாம். திருச்சபையினர் செபத்தை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாகக் கருதினர். முற்போக்காளராகிய நாம் அதனை விமர்சனத்துக்கே தகுதியற்றதாகக் கருதினோம். முன்னையது பயபக்தி, பின்னையது சோம்பல்.

சோம்பல் என்று நாம் கூறுவது காரணத்தோடுதான். சமயம் பற்றிக் கார்ல் மார்க்ஸ் 1844 இல் எழுதிய புகழ்பெற்ற பந்தியிலிருந்து 'அபின்' என்ற ஒரு சொல்லை மட்டும் பெயர்த்தெடுத்துக்கொண்டு, அதற்கு முன்னே அவர் சொன்னதை நாம் விட்டுவிட்டோம். சமயத் துயரமானது மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான மறுப்பாகவும் ஒருங்கே இருப்பதை அவர் அங்கே சுட்டியிருந்தார். வெளிப்பாடு எது, மறுப்பு எது என்று பகுத்துக் காண்பது விமர்சகன் கடமை. செபம் கேட்கப்படுகிறதா இல்லையா என்பது நமது ஆய்வுக்கு உட்பட்டதன்று. அது எவ்வாறு சொல்லப்படுகிறது, யார் சொல்கிறார், எவரை உள்ளடக்கி எவரை விலக்கிச் சொல்கிறார் என்பனவே இங்கு நமது அக்கறை. இதற்குக் கொழும்பின் இரு பகுதிகளை, கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும், களமாகக் கொள்கிறோம். முன்னது துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் அண்டிய கத்தோலிக்கச் செறிவுள்ள பழைய குடியிருப்பு. பின்னது காலி வீதியின் இரு மருங்கிலும் நடுத்தரவர்க்கத் தமிழர் நிறைந்து வாழும் பகுதி.

முதலில் ஒரு சிறு மொழிபெயர்ப்புப் பிழையைக் கவனிப்போம். முத்துக்குளித்துறையிலே பிரான்சிஸ் சவேரியார், உள்ளூர்வாசிகள் சிலரின் துணையோடு அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கி, தாமும் மனனஞ் செய்து மக்களுக்கும் கற்பித்தார். 1544 இல் தம் உடனூழியரான மன்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் ஒரு திருத்தத்தை அறிவிக்கிறார். விசுவாச அறிக்கையில் நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் இடம்பெற்றுவிட்டதாம். அது விருப்பத்தைக் குறிக்கும் சொல்லாதலால் அதனை நீக்கி 'விசுவாசம்' என்ற சொல்லையே வழங்கவேண்டும் என்கிறார். அறிஞர்கள் இதனை ஒரு வேடிக்கைத் தகவலாகக் கூறுவதுண்டு. நமக்கோ இது தமிழ்க் கிறித்தவ செபத்தின் தலைவாயிலில் நிற்கும் வினாவாகத் தோன்றுகிறது. வடமொழிச் சொல் வந்தது, பிழை திருந்தியது. ஆயின் மக்கள் செபத்திற்கு இட்ட பெயர் 'வேண்டுதல்' என்பதே. எனக்கு இது வேண்டும் என்பதும், இறைவனை வேண்டுகிறேன் என்பதும் தமிழில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. குருமார் திருத்திய பிழையை மொழி திருத்திக்கொள்ளவில்லை.

இந்தக் கேட்கும் செபம் எக்காலமும் சுதந்திரமாகக் கேட்கப்பட்டதன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே ஞானஸ்நானப் பதிவு, விவாகப் பதிவு, சொத்துரிமை, அரச உத்தியோகம் ஆகியன ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. கர்த்தர் கற்பித்த செபத்தைத் தமிழ் எழுத்திலே தம் நூலில் சேர்த்து 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டவர் யாழ்ப்பாணத்தில் ஊழியஞ் செய்த பால்டேயஸ் பாதிரியார். அக்கால மக்களுட் பலருக்கு அச்செபத்தின் பொருளிலும் பார்க்க அதனை ஒப்புவிப்பதால் விளையும் பயனே முக்கியமாயிற்று. பிரித்தானியர் ஆட்சி நிலைபெற்று அந்தக் கட்டாயம் அகன்றபோது, ஒல்லாந்தச் சபையைச் சார்ந்திருந்த சுதேசிகளின் தொகை விரைவாகக் கரைந்துபோனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்ஃபெண்டால் தேவாலயம் கொட்டாஞ்சேனைக்கு அருகே மேட்டின் மீது இன்றும் கம்பீரமாக நிற்கிறது. செபம் குடியுரிமைச் சான்றிதழாயிருந்த காலத்தின் நினைவுச் சின்னமாகவும் அதனைக் கொள்ளலாம்.

அதே காலத்தில் தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கம் வேறொரு வழியிற் பிழைத்தது. குருவானவர் இல்லாத இடங்களிலே மூப்பர்களும் அண்ணாவிமாரும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தனர். யோசேப் வாஸ் அடிகளார் அவர்களை நம்பியே தம் பணியை அமைத்தார். அவரைப் பின்பற்றி வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1742 இல் மறையும்வரை தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் வாசிக்கப்படும் அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' ஒப்பாரி மரபின் உருக்கத்தை உரைநடையிலே கொணர்ந்தது. அதனைத் தனியே ஆராயவேண்டும். இங்கு நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்க செபமானது பொதுநிலை மக்கள் தம் குரலில் தாமே நடத்திய செபமாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. பூசை இலத்தீனில் நடக்கையில் மக்கள் தம்பாட்டில் செபமாலை உருட்டிய பிற்கால நிலையை மட்டும் கண்டு, அதையே மரபு என்று மயங்கக்கூடாது.

செபங்களுக்கு வழங்கிய பெயர்களும் கருதத்தக்கன. 'பரலோக மந்திரம்', 'மங்கள வார்த்தை மந்திரம்', 'விசுவாச மந்திரம்' என்றே முதியோர் கூறுவர். மந்திரம் என்ற சொல் பொருளிலும் பார்க்க ஒலிப்பிலே ஆற்றல் உண்டு என்ற எண்ணத்தைத் தன்னோடு கொண்டுவருகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டு மக்கள் மொழிக்கு இடமளித்த பின்னர், 'பிரியதத்தம்' போய் 'அருள்' வந்தது. 'அர்ச்சியசிஷ்டர்' போய்ப் 'புனிதர்' வந்தது. 'பூசை' என்பது 'திருப்பலி' ஆயிற்று. தனித்தமிழ் உணர்வும் வழிபாட்டுச் சீர்திருத்தமும் இங்கே கைகோத்தன. அதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஓர் ஐயம் நமக்குண்டு. பழைய சொற்கள் விளங்காமலே பணி செய்தன; புதிய சொற்கள் விளங்குகின்றன. விளங்கும் சொல்லைச் சொல்பவர் அதன் பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டியவராகிறார். அந்தப் பொறுப்பு ஏற்கப்பட்டதா?

இனி, கொச்சிக்கடைக்கு வருவோம். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் ஒல்லாந்தரின் கண்ணுக்குத் தப்பி வணிகராக வாழ்ந்தாரென்றும், கடலரிப்பால் அஞ்சிய மீனவர் அவரை வேண்ட, அவர் சிலுவையை நாட்டிச் செபித்தபோது கடல் பின்வாங்கிற்று என்றும் அவ்விடத்து மரபுக் கதை கூறுகிறது. கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும் அதன் அமைப்பைப் பாருங்கள். கேட்டவர்கள் மீனவர், கேட்டது நிலம், கேட்கப்பட்டவர் சட்டத்தால் விலக்கப்பட்ட ஒருவர். அரசு அங்கீகரித்த செபத்துக்கு எதிராக, அங்கீகாரமற்ற செபம் பலித்த கதை அது.

செவ்வாய்க்கிழமைகளில் அவ்வாலயத்துக்குச் செல்பவர் அக்கதை இன்னும் முடியவில்லை என்பதைக் காண்பர். துறைமுகத் தொழிலாளர், புறக்கோட்டைக் கடைச் சிப்பந்திகள், செட்டியார் தெருவில் நகையை அடகு வைத்துவிட்டு வரும் பெண்கள், பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள், வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பித்தோர் எனப் பலரும் அங்கே வருகின்றனர். அவர்களுட் கணிசமானோர் கிறித்தவரல்லர். ஆலயத்துக்கு அண்மையிலேயே பொன்னம்பலவாணேசுவரர் கோயில் இருக்கிறது. இரண்டிற்கும் ஒரே நாளில் செல்வோரை நாம் அறிவோம். கண்ணாடிப் பேழையைத் தொட்டு நிற்கின்றனர், மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர், சிலர் மனுவைத் தாளில் எழுதி வைக்கின்றனர். அங்கு நிகழும் செபத்தில் ஞானோபதேசம் குறைவு. வேண்டும் என்பது மிகுதி. படித்த கிறித்தவர்கள் இதனைப் பேரம் பேசுதல் என்று இகழ்வதுண்டு. நாம் அவ்வாறு இகழ முன்வரோம். தொழிற்சங்கமும் இல்லாத, வழக்கறிஞரும் இல்லாத, அமைச்சரைத் தெரிந்த உறவினரும் இல்லாத ஒருவர் தம் தேவையை முழு வாக்கியமாகச் சொல்வதற்கு இந்நகரில் வேறெந்த இடம் உண்டு?

புனித அந்தோனியார் காணாமற்போன பொருள்களைக் கண்டெடுத்துத் தருபவர் என்பது உலகெங்குமுள்ள கத்தோலிக்கரின் நம்பிக்கை. தொலைந்த மோதிரமும் திறப்பும் அவரிடம் கேட்கப்படுவன. இந்நாட்டின் அரை நூற்றாண்டு வரலாறு அந்நம்பிக்கைக்கு ஏற்றிய சுமையை வேறெந்த நாட்டின் பக்தரும் எளிதில் விளங்கிக்கொள்ளமாட்டார். இங்கே 'காணாமற்போன' என்ற பெயரெச்சம் பொருள்களைவிட்டு மனிதர்மீது ஏறிற்று. மகனைத் தேடும் தாய் ஒருத்தி, தொலைந்த பொருளுக்கான புனிதரிடம் வந்து நின்றபோது, செபத்தின் சொல் மாறவில்லை. அதன் பாரமே மாறியது.

ஆனால் அத்தாய்மார் ஆலயத்துக்கு வெளியே, வீதியில் நின்றபோது சொல்லும் மாறிற்று. காணாமற்போனோர் என்பதை அவர்கள் மறுத்தனர். 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்லவேண்டுமென வற்புறுத்தினர். போதல் தன்வினை, போனவரே போனார். ஆக்கப்படுதல் செயப்பாட்டுவினை; ஆக்கியவர் ஒருவர் உண்டு என்பதை அது மறைமுகமாகவேனும் கூறிவிடுகிறது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலே 'காணாமற்போன ஆட்கள்' என்ற தொடரே இருப்பதும் ஈண்டு நோக்கற்பாலது. ஓர் இலக்கணத் திருத்தத்தைப் படிப்பறிவு குறைந்த தாய்மார் செய்தனர். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் அதனைக் கவனிக்கவில்லை. ஆலயத்தின் பொது மன்றாட்டுக்களும் போதிய அளவு கவனித்ததாக நமக்குத் தோன்றவில்லை. காணாமற்போனோருக்காக மன்றாடுவது கேட்டிருக்கிறோம். அவ்வாறு ஆக்கியவரை எழுவாயாகக் கொண்ட வாக்கியமொன்றை மன்றாட்டில் நாம் கேட்டது அரிது.

இவ்விடத்தில் 'எங்கள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டியவராகிறோம். கர்த்தர் கற்பித்த செபத்தில் ஒருமைத் தன்மை ஓரிடத்திலும் இல்லை. தந்தை, உணவு, மன்னிப்பு, மீட்பு ஆகிய யாவும் பன்மையிலேயே கேட்கப்படுகின்றன. தமிழிலே தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்போனை உளப்படுத்துவது 'நாம்', விலக்குவது 'நாங்கள்'. சிங்களமோ ஆங்கிலமோ போர்த்துக்கேயமோ இவ்வேறுபாட்டை அறியா. எனவே தமிழாக்கியவர் ஒரு முடிவு செய்யவேண்டியிருந்தது. இறைவன் கேட்போனாகையால் 'எங்கள்' என்பது இலக்கணப்படி சரியானதே. சவேரியார் காலந்தொட்டு அதுவே வழக்கு. ஆனால் 'எங்கள்' என்ற சொல்லுக்கு அன்றாட வழக்கில் இன்னொரு முகமும் உண்டு. எங்கள் ஆட்கள், எங்கள் ஊர், எங்கள் சாதி, எங்கள் சனம் என்னும்போது அச்சொல் எழுப்பும் வேலி யாவரும் அறிந்தது. செபத்தின் 'எங்கள்' இறைவனை மட்டும் வெளியே நிறுத்துகிறதா, வேறு மனிதரையும் வெளியே நிறுத்துகிறதா என்பதை இலக்கணம் தீர்மானிப்பதில்லை. வீதி தீர்மானிக்கிறது.

கொட்டாஞ்சேனை வீதி அதனைப் பலமுறை தீர்மானித்திருக்கிறது. 1883 மார்ச் 25 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே அங்கு கலவரம் மூண்டது. காலையில் அருள்வேண்டிய நாக்குகளே பிற்பகலில் ஊர்வலத்தாரை ஏசின என்று கொள்வதில் தவறிராது. அன்று 'எங்கள்' என்பது சமயத்தின் எல்லையோடு நின்றது. சிங்களக் கத்தோலிக்கரும் தமிழ்க் கத்தோலிக்கரும் ஒரே பக்கத்தவர். நூறாண்டு கழித்து, 1983 யூலையில், அந்த எல்லை வேறிடத்திற்கு நகர்ந்துவிட்டது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, எரித்தவர்கள் ஞானஸ்நானப் பதிவைக் கேட்கவில்லை. ஒரே செபத்தை இரு மொழிகளிலே சொல்லிவந்த மக்கள் இரு 'எங்கள்' ஆகப் பிரிந்து நின்றனர். திருச்சபை அதனைத் தடுக்க வல்லதாயிருக்கவில்லை.

விதிவிலக்குகள் இருந்தன, அவற்றை மறைப்பது நேர்மையன்று. குருநாகல் அங்கிலிக்கன் ஆயராயிருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க அவ்வாண்டு ஒக்டோபரில் மறைவதற்கு முன்னர் தம் மறைமாவட்டத்தாருக்கு எழுதிய மடலில், நிகழ்ந்தவற்றுக்காகச் சிங்களவர் என்ற வகையிலே தாமும் வெட்கத்திற்குரியவர் என்பதை ஒப்புக்கொண்டார். அவருடைய 'நாங்கள்' குற்றத்தைச் சுமக்கும் பன்மை. திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1977 இல் வெளியிட்ட நற்கருணையும் மனித விடுதலையும் பற்றிய நூலிலே, வழிபாடு நீதியிலிருந்து பிரிக்கப்பட்டு இருப்போருக்கு இதந்தரும் சடங்காகிவிட்டதை வன்மையாகக் கண்டித்திருந்தார். அவர் எழுதியது ஆங்கிலத்தில். கொட்டாஞ்சேனையில் செபமாலை சொல்லும் தமிழ்த் தொழிலாளியிடம் அக்குரல் போய்ச் சேரவில்லை. நமது முற்போக்குச் சஞ்சிகைகளும் அதனைக் கொண்டுசேர்க்கவில்லை.

2007 யூன் 7 ஆம் திகதியையும் இங்கே குறிப்பிடவேண்டும். கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த 376 தமிழர்கள் அன்று பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். வெள்ளவத்தை விடுதிகளும் கொட்டாஞ்சேனை விடுதிகளும் அதில் அடங்கும். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதன் பின் ஐந்தாம் நாள் கொச்சிக்கடையில் அந்தோனியார் திருவிழா. விசாவுக்கும் வைத்தியத்துக்குமாக வந்து அறைகளில் காத்திருந்த அம்மனிதருட் பலர், அந்த ஆலயத்தின் செவ்வாய்க்கிழமை மனுதாரராகவும் இருந்திருக்கக்கூடும். நகரத்திலிருந்து ஒருவரை அகற்றுவது, அவர் செபிக்கும் இடத்திலிருந்தும் அவரை அகற்றுவதாகும்.

2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. காலைத் திருப்பலி வேளையில் கொச்சிக்கடை ஆலயத்திலே குண்டு வெடித்தது. நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பின் ஆடம்பர ஹொட்டேல்களிலும் நிகழ்ந்த தாக்குதல்களோடு சேர்த்து 250 க்கு மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோருள் தமிழரும் சிங்களவரும் இருந்தனர். ஒரே கூரையின்கீழ் ஒரே நேரத்தில் இறந்தனர். 'எங்கள்' என்ற சொல் அன்றுதான், மிகக் கொடிய முறையில், இரு மொழியினரையும் மறுபடி ஒன்றாக உளப்படுத்தியது. ஆனால் மூன்று வாரங்களுக்குள் குருநாகல், கம்பகா மாவட்டங்களில் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. வேலி இன்னொரு பக்கமாக நகர்ந்தது. அந்தோனியாரிடம் முஸ்லிம்களும் வந்து வேண்டிச் செல்வது கொச்சிக்கடையின் பழைய வழக்கு என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த வேலி ஆலயத்தின் உள்ளேயே எழுப்பப்பட்டதாகத் தோன்றியிருக்கும். அவ்வாண்டு யூன் 12 ஆம் திகதி ஆலயம் மீளத் திறக்கப்பட்டது.

வெள்ளவத்தையின் செபம் வேறு தன்மையது. அங்குள்ள சீர்திருத்தச் சபையாரும் புதிய பெந்தெகொஸ்தே குழுக்களும் எழுதப்படாத செபத்தை, அவ்வப்போது மனத்திலெழும் செபத்தை, பெரிதாக மதிக்கின்றனர். அடுக்குமாடி வீடுகளிலே மாலைநேரங்களில் செபக்கூட்டங்கள் நடக்கின்றன. இச்செபங்கள் முற்றிலும் சுயமானவை என்று சொல்வோர் கருதுகின்றனர். கேட்டுப் பழகியவருக்கோ அவற்றின் வாய்பாடுகள் எளிதிற் புலப்படும். விளிச்சொல் இன்ன இடைவெளியில் வரும். நன்றியறிதல் இன்ன ஒழுங்கில் தொடரும். குரல் இன்ன இடத்தில் உயரும். வாய்மொழிப் பாணர் வாய்பாடுகளைக் கொண்டு பாடல் கட்டிய முறையை 1968 இல் வெளியான தம் வீரநிலைக் கவிதை ஆய்விலே கைலாசபதி விளக்கினார். அதே கருவியால் வெள்ளவத்தைச் செபக்கூட்டத்தையும் ஆராயலாம் என்றால் சிலர் முகஞ்சுளிப்பர். நாம் பழித்துரைக்கவில்லை. பாணன் வாய்பாட்டைக் கொண்டே புதியதைப் பாடினான். ஆனால் இக்கூட்டங்களின் வாய்பாடு 'எங்கள்' என்று தொடங்கி மிக விரைவில் 'இந்தக் குடும்பம்', 'இந்தச் சகோதரியின் காரியம்' என்று குறுகிவிடுகிறது. புலம்பெயர்ந்த பிள்ளைகள், வீடு விற்பனை, சத்திரசிகிச்சை ஆகியன செபத்துக்குரியனவே. ஆயினும் அடுத்த மாடியிலுள்ளவரின் பெயர்கூட அதிற் கேட்பதில்லை. கொச்சிக்கடையின் தனிமனு, முன்பின் அறியாத மனிதர் நடுவே வைக்கப்படுகிறது. வெள்ளவத்தையின் கூட்டுச்செபமோ அறிந்தவர் நடுவே பூட்டிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது. இவ்விரண்டில் எது கூடுதலான சமூகச் செபம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இறுதியாகக் 'கடன்'. மத்தேயு நற்செய்தியிலே மன்னிப்பைக் கேட்கும் பகுதியின் கிரேக்க மூலத்தில் நிற்பது கடனைக் குறிக்கும் சொல்லே. அதே நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் கடனுக்காகச் சிறையிடப்படும் மனிதனின் உவமை வருவதால், அச்சொல்லை வெறும் உருவகமெனத் தள்ளிவிட முடியாது. கடன்பட்டு நிலமிழந்த உழவரின் செவியில் அது முதலிற் பணக்கடனாகவே விழுந்திருக்கும். 1871 இல் முற்றுப்பெற்ற தமிழ் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'கடன்' என்றே தந்தது. ஆனால் அவ்வேதாகமத்தை வாசிக்கும் சபையார், ஆராதனையில் எழுந்துநின்று செபிக்கும்போது 'குற்றம்' என்றே சொல்லுகின்றனர். ஆங்கிலச் செபப்புத்தக மரபின் செல்வாக்கு அது. கத்தோலிக்க வழக்கில் முன்னர் 'பாவம்' என்றிருந்தது, பின்னர் 'குற்றம்' ஆயிற்று. 1995 இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் குற்றத்தையே தெரிந்தது. வேதத்தில் கடன், நாவில் குற்றம்! ('அப்பம்' என்பது 'உணவு' ஆனதில் நமக்கு வருத்தமில்லை. இலங்கையில் அப்பம் என்றால் காலையுணவுக் கடையில் வார்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது.)

இது சிறிய மாற்றமன்று. குற்றத்தை மன்னிப்பதற்கு மனம் போதும். கடனை மன்னிப்பதற்குக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவேண்டும். அத்துடன் தமிழிலே கடன் என்பது வாங்கியதை மட்டும் குறிப்பதன்று. சங்கப் பாடல்களிலும் தேவாரத்திலும் அது கடமையையும் உணர்த்தும். இறந்தோருக்குச் செய்வது இறுதிக்கடன். கொச்சிக்கடையிலே மெழுகுவர்த்தியோடு நிற்கும் பெண் செலுத்த வந்திருப்பதும் நேர்த்திக்கடனே. திருச்சபையின் எழுதப்பட்ட செபம் கைவிட்ட சொல்லை, ஞானோபதேசத்துக்கு வெளியேயுள்ள மக்கள் வழக்கு காப்பாற்றி வைத்திருக்கிறது. கேட்டவர் கொடுக்கவேண்டியவராகவும் இருக்கிறார் என்ற உணர்வு அதிலே பொதிந்துள்ளது. பேரம் என்று இகழப்பட்டதன் மறுபக்கம் இது.

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அன்று பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்குமாக வரிசையில் நின்ற மக்கள் அன்றும் கொச்சிக்கடையில் அந்தச் செபத்தைச் சொல்லியிருப்பர். அவர்கள் வாயிற் கடன் என்ற சொல் வந்திராது. 2023 சனவரி 12 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னிப்புப் பற்றிய பிரசங்கங்கள் பல கேட்ட மக்களுக்கு, மன்னிப்புக்கு முன்னே தீர்க்கப்படவேண்டிய கணக்கொன்று உண்டு என்று சொன்னது நீதிமன்றம். பழைய மொழிபெயர்ப்பை நாவிலும் வைத்திருந்தால் அதனைச் செபமே சொல்லியிருக்கும்.

வத்திக்கான் சங்கம் மீட்டளித்த பொது மன்றாட்டு என்னும் பகுதி இவ்விடத்தில் கவனத்துக்குரியது. ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வோர் ஆலயத்திலும், அந்த வாரத்தின் தேவைகளை அந்த இடத்து மக்களின் சொல்லிலே கூறுவதற்கு விடப்பட்ட வெற்றிடம் அது. அச்சிட்ட நூலிலிருந்து வாசித்து முடிப்பவர்களும் உளர்; பங்கு மக்களே எழுதிவந்து வாசிப்பவர்களும் உளர். எழுதிய தாள்கள் வாசித்த பின் கசக்கி எறியப்படுகின்றன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் 1983 யூலைக்குப் பின் வந்த ஞாயிறுகளில், 2007 யூனில், 2019 மேயில் என்ன மன்றாடப்பட்டது, எந்த வினைமுற்றோடு, எவரை எழுவாயாகக் கொண்டு என்பதை அறிய அத்தாள்களே சிறந்த சான்றாக இருந்திருக்கும். தமிழ்ச் சங்கத்து மாணவர் சிலர் இவ்வாண்டிலிருந்தேனும் அவற்றைக் கேட்டு வாங்கி, ஆலயம், திகதி, எழுதியவரின் தொழில் ஆகியவற்றைக் குறித்துத் தொகுக்க முற்படின், அடுத்த இதழ்களில் இவ்வாய்வைத் தொடர்வது எளிதாகும்.